கை வைத்த இடம்

மூன்றாவது கோட் லேக்கர் மெருகு காய்ந்த பிறகுதான் ஈஸ்வரமூர்த்தி அந்த வெளுப்பைக் கவனித்தார். கழுத்தும் கம்பிகளும் கழற்றப்பட்டு, பேஸ் கிட்டாரின் உடல் மட்டும் பட்டறை உத்தரத்தில் ஒரு கொக்கியில் தொங்கியது. நடுவில் தேன் மஞ்சள், அதைச் சுற்றிச் சிவப்பு, விளிம்பில் கறுப்பு என்று நிறங்கள் ஒன்றிலொன்று கரைந்து இறங்கிய அந்தப் பளபளப்பில், மேல் விளிம்போரம் இரண்டு விரல் அகலத்துக்குப் பால் சிந்திக் காய்ந்ததுபோல ஒரு மங்கல் இருந்தது. வெளியே ஆனிச் சாரல் விடாமல் விழுந்துகொண்டிருந்தது. மழைக்காலத்தில் லேக்கர் அடித்தால் காற்றின் ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டு இப்படி வெளுப்பது புதிதல்ல. மேலே தின்னரை மெலிதாக ஒரு தடவை அடித்தால் போய்விடும். அடித்தார். போய்விட்டது. அவர் டீ போடப் போனார்.

மறுநாள் காலையில் அதே இடத்தில் வெளுப்பு திரும்ப வந்திருந்தது.

ஈரம் என்றால் உடல் முழுக்க அல்லவா வெளுக்க வேண்டும்? மற்ற இடமெல்லாம் முகம் தெரிகிற அளவுக்கு மின்னியது. அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தார். தகரக் கூரையில் மழையும், பின்னால் வயலில் தவளைகளும் போட்ட சத்தத்துக்கு நடுவே, தின்னரின் காட்டமான நெடிக்கு அடியில் இன்னொரு வாசனை வந்தது. வேலை முடிந்து கழற்றிப் போட்ட சட்டையின் வியர்வை வாசனை. தன்னுடையதுதான் என்று நினைத்துக்கொண்டார். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?

மனைவி பகவதியம்மாள் ஊரில் இல்லை. திருவட்டாற்றில் அவளுடைய அக்கா வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டதால், பத்து நாள் ஒத்தாசைக்குப் போயிருந்தாள். அவள் இல்லாத நேரம் பார்த்துத்தான் இந்த வேலையில் கை வைத்தார். சொல்லியிருந்தால் விட்டிருக்க மாட்டாள்.

பேஸ் அவர்களுடைய ஒரே மகன் ரதீஷுடையது. எழுபதுகளில் ஜப்பானில் செய்தது. திருவனந்தபுரத்தில் ஒரு கானமேளாக் கச்சேரிக் குழு கலைந்தபோது மூலையில் கிடந்ததை ஈஸ்வரமூர்த்திதான் தூக்கி வந்து, கரகரப்பை எடுத்து, கழுத்தை நிமிர்த்தி, பதினாறு வயதுப் பையனிடம் கொடுத்தார். அதற்குப் பிறகு எட்டு வருஷம் சுற்றுவட்டாரக் கோயில் கொடை விழாக்களில் அவன் அதை வாசித்தான். வாசிக்கும்போது வலது முன்கை படிந்து கிடக்கிற இடத்தில் முதலில் மினுக்கம் போனது. பிறகு நிறம் போனது. கடைசியில் மரமே தெரிந்து, வியர்வை குடித்துக் கறுத்து, அதில் லேசாக ஒரு குழிவும் விழுந்தது. பழைய பேஸ் எல்லாவற்றிலும் இது உண்டு. நாகர்கோவிலிலிருந்தும் கொச்சியிலிருந்தும் வேலை கொண்டுவருகிறவர்களிடம் அவர் முதலில் சொல்வதே அந்த இடத்தைத் தொட வேண்டாம் என்பதுதான். பெயிண்டை யார் வேண்டுமானாலும் அடிக்கலாம், வாசித்தவன் கையை யார் அடித்துத் தருவது என்பார். ஊருக்கெல்லாம் சொன்ன புத்தி அவருக்கு உதவவில்லை.

தோஹாவுக்கு விசா எடுத்துக் கொடுத்தவரும் அவர்தான். அவரே மஸ்கட்டில் இருபது வருஷம் பர்னிச்சர் கம்பெனியில் பெயிண்ட் அடித்துக் குடும்பத்தை நிமிர்த்தியவர். பாட்டும் கூத்துமாக எத்தனை நாள் என்று மகனைக் கேட்டுக் கேட்டு அனுப்பிவைத்தார். கிளம்புகிற அன்று அவன் கேட்டது ஒன்றே ஒன்று.

"அப்பா, இத மட்டும் புதுசாக்கிராதீங்க. நான் வந்து கை வைக்கணும்."

விமான நிலையத்தில் அம்மாவின் இடது தோளில் கையைப் போட்டுக்கொண்டு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டான். பதினோராம் மாதம், வேலையிடத்தில் வெயிலில் சுருண்டு விழுந்தான். பெட்டி வந்துசேர மூன்று வாரம் ஆயிற்று. திறக்க வேண்டாம் என்று உடன் வந்தவர்கள் சொன்னார்கள். பெட்டியோடு எரித்தார்கள். பெற்றவள் முகத்தையும் பார்க்கவில்லை, கையையும் பார்க்கவில்லை.

அதிலிருந்து தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு, அவன் வாசித்துப் பழகுகிற நேரத்தில், பகவதியம்மாள் பேஸை மடியில் வைத்து, அந்தக் குழிவில் தன் கையைப் பொருத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். பேச்சு கிடையாது. விளக்கு வைக்க எழுந்திருப்பதும் நின்றுபோனது. ஏழு மாதத்தில் பாதி ஆளாகிவிட்டாள். அந்தக் குழி அவளையும் கொண்டுபோய்விடும் என்று ஈஸ்வரமூர்த்தி பயந்தார். அதைப் பார்க்கும்போதெல்லாம், அனுப்பியது நீதானே என்று அவர் காதிலேயே கேட்டது. இரண்டும்தான் காரணம்.

ஆகவே உப்புத்தாளை எடுத்தார். பழைய பெயிண்டை முழுக்க உரித்து, மரத்தைத் தேய்த்து, அதில் உதிர்ந்த கறுப்புப் பொடியையே பசையில் குழைத்துக் குழிவை அடைத்தார். அதே மரத்தின் பொடி என்றால் ஒட்டுத் தெரியாது. தொழிலில் எல்லோரும் செய்வதுதான். முகமூடிக்குள் அழுதுகொண்டே செய்தார். ஆனாலும் வேலையில் குறை வைக்கவில்லை. முடிந்ததும் கண்ணை மூடி விரலை ஓட்டிப் பார்த்தபோது மேடும் இல்லை, பள்ளமும் இல்லை.

மூன்றாம் நாள், வெளுப்பு இருந்த இடத்தில் லேக்கரே இல்லை. நிறம் மங்கி, அடியில் மரத்தின் ரேகை தெரிந்தது. அடைத்த குழிவுக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது அந்தத் தேய்மானம். எலி என்று நினைக்கப் பார்த்தார். எலி கடிக்கும், இப்படி வழுவழுவென்று தேய்க்காது. தொங்குகிற பேஸுக்கு நேர் கீழே, சிமெண்டுத் தரையில், சிட்டிகையளவு பொடி விழுந்திருந்தது. பட்டறையைப் பூட்டிச் சாவியை மடியில் வைத்துக்கொண்டார்.

நாலாம் நாள் திறந்தபோது கீழ்ப்பக்கம் இன்னொன்று. பின்புறம் ஒன்று. கொக்கி மாட்டிய மூலையருகே ஒன்று. எல்லாம் ஒரே அகலம், ஒரே சாய்வு. யாரோ கையைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்து, சரிப்படாமல் எடுத்து, வேறிடத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். அடைத்த இடம் மட்டும் சேதமில்லாமல் மின்னிக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் மேகம் இறங்கி, பட்டறைக்குள் பாதி இருட்டாகிவிட்டது. ஈஸ்வரமூர்த்தி லைட்டைப் போடாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எதையும் கேட்டதாகச் சொல்ல முடியாது. முதலில் அது உள்ளங்காலில்தான் தெரிந்தது. தூரத்தில் கொடை நடக்கும்போது பாட்டு வருவதற்கு முன்னால் தரை வழியாக வருமே, அந்தத் தம் தம். பிறகு நெஞ்செலும்பில். மூலையிலிருந்த வாளித் தண்ணீரில் நடுவிலிருந்து விளிம்புக்கு ஒரு வளையம் போனது. கொஞ்சம் விட்டு இன்னொன்று. அலமாரியில் திருகாணிகள் போட்டிருந்த கண்ணாடிப் பாட்டில்கள் ஒன்றையொன்று தொட்டுச் சிணுங்கின. பேஸில் கழுத்து இல்லை, கம்பி இல்லை. கம்பிகளைச் சுருட்டி வைத்திருந்த கவர் அவர் மடிமேல்தான் இருந்தது. சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். நாலு மணி தாண்டி ஐந்து நிமிடம்.

மறுநாள் பேஸில் புதிதாக எதுவும் இல்லை. அதுதான் மோசம். பெஞ்சின் விளிம்பில் ஒரு சாண் நீளத்துக்குப் பெயிண்ட் போயிருந்தது. ஜன்னல் படியில் போயிருந்தது. வீட்டுக்குள் ரதீஷ் சாய்ந்து நிற்கிற நிலைக்கதவில், அவன் தோளுயரத்தில், வார்னிஷ் போயிருந்தது. எங்கேயும் அடியில் கொஞ்சம் பொடி. எங்கேயும் அந்த வியர்வை வாசனை. கட்டிலில் அவர் படுக்கிற பக்கத்துச் சட்டத்திலும்.

அவர் பட்டறைக்கு ஓடினார். பேஸை இறக்கி மடியில் வைத்து, அடைத்த இடத்தைத் திரும்பத் திறந்துவிடலாம் என்று சுரண்டியைக் கையிலெடுத்தார். வைத்த சுரண்டி நகரவில்லை. குழிவின் ஆழம் எவ்வளவு? எந்தப் பக்கம் சாய்வு? தன் கையை வைத்துப் பார்த்தார். அவர் கை குட்டை. அவன் நெடுக வளர்ந்தவன், அம்மா வீட்டுச் சாயல். எட்டு வருஷம் பக்கத்து அறையில் வாசித்தவன் கை எப்படிக் கிடந்தது என்று தகப்பனுக்குத் தெரியவில்லை. ஒரு நாள்கூட அவர் உட்கார்ந்து பார்த்ததில்லை. சத்தத்தைக் குறைக்கச் சொல்லத்தான் அந்த அறைக்குப் போயிருக்கிறார்.

போனை எடுத்து மனைவியைக் கூப்பிட்டார். அக்காவின் காலை விசாரிக்கக்கூடத் தோன்றவில்லை.

"பகவதி, அவன் வாசிக்கும்போ கை எங்க கெடக்கும்?"

"எதுக்குக் கேக்கிய?"

அவர் சுரண்டியைப் பெஞ்சில் வைத்தார்.

"என்ன செஞ்சிய?"

சொன்னார். வெளுப்பைச் சொன்னார், வாளியைச் சொன்னார், கட்டில் சட்டத்தைச் சொன்னார். அந்தப் பக்கமும் மழைதான் கேட்டது. அவள் திட்டுவாள் என்று காத்திருந்தார், திட்டியிருந்தால் தேவலை.

"அப்போ பிள்ளைக்குக் கை வைக்க எடமில்லாமப் போச்சு," என்றாள். போன் கட்டாகிவிட்டது.

மறுநாள் மூன்றரை மணி பஸ்ஸில் வந்து இறங்கினாள். குடை இருந்தும் முழுக்க நனைந்திருந்தாள். வீட்டுக்குள் போகாமல் நேராகப் பட்டறைக்கு வந்து, பெஞ்சில் கிடந்த பேஸின்மேல் உள்ளங்கையை வைத்து மெதுவாக ஓட்டினாள். மேலிருந்து கீழே. கீழிருந்து மேலே. குழிவு இருந்த இடத்தில் கை நின்றது. அந்த வழவழப்பில் திரும்பத் திரும்பத் தடவினாள். மகனின் பெட்டியைக்கூட அவள் அப்படித் தடவவில்லை. ஈஸ்வரமூர்த்திக்கு அந்த நிமிஷம் செத்துப்போகலாம் போலிருந்தது.

"எடத்தக் காட்டு. நான் தொறந்திருதேன்," என்று சுரண்டியை நீட்டினார்.

அவள் வாங்கவில்லை. அதைத் திறந்தாலும் அது அவன் வைத்ததாக இருக்காது, நீங்கள் தோண்டியதாகத்தான் இருக்கும் என்று மெல்லிய குரலில் சொன்னாள். அதில் கோபமே இல்லை. ரதீஷ் உட்காருகிற ஸ்டூலை இழுத்து நடுவில் போட்டாள். அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். ஈரச் சேலைத் தலைப்பை இடது தோளிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

மணி நாலு.

உள்ளங்காலில் வந்தது. வாளியில் ஒரு வளையம். பாட்டில்கள் சிணுங்கின. வியர்வை வாசனை கதவுப் பக்கமிருந்து வந்தது. பெஞ்சைத் தாண்டியது. அவரைத் தாண்டியது. அவர் பக்கத்தில் அது நிற்கவே இல்லை.

"இஞ்ச வச்சிக்கோ மக்கா," என்றாள் பகவதியம்மாள்.

அவளுடைய இடது தோள் கொஞ்சம் தாழ்ந்தது. கனமான ஒரு கை விழுந்தால் தாழ்கிற அளவுக்கு. ஈஸ்வரமூர்த்தி எழுந்திருக்கப் பார்த்தார். பெயர் சொல்லிக் கூப்பிடப் பார்த்தார். அவள் உடம்பு தாளத்துக்கு மெல்ல அசைந்துகொண்டிருந்தது. ஏழு மாதமாகக் கூனிக் கிடந்த முதுகு நிமிர்ந்திருந்தது. சன்னமாக ஏதோ முனகினாள். மகனோடு சேர்ந்து பாடுகிற முனகல்.

தோளில், ரவிக்கைத் துணியில், ஒரு சாண் நீளத்துக்கு ஒரு மினுமினுப்பு வந்தது. அவருக்கு அது தெரியும். முப்பது வருஷமாகத் தெரியும். முதலில் மினுக்கம். பிறகு நிறம். நூல் இழை இழையாக மெலிந்தது. அடியில் தோல். தோலும் மினுங்கியது. பிறகு அதன் நிறமும் வெளுத்தது.

அவள் வலியென்று ஒரு சத்தம் போடவில்லை. திரும்பிப் பார்க்கவுமில்லை.

ஸ்டூலுக்கு அடியில் பொடி விழுந்துகொண்டிருந்தது. ரத்தம் இல்லை. மாவுபோல நயமான பொடி, கொஞ்சம் மஞ்சள், கொஞ்சம் கறுப்பு. தரையில் அவள் சேலையிலிருந்து சொட்டிய ஈரம் அதை நோக்கி மெதுவாக ஓடி வந்தது.

நனைந்தால் போய்விடும். தோளை அடைக்க அதே பொடி என்றால்தான் ஒட்டுத் தெரியாது.

ஈஸ்வரமூர்த்தி பெஞ்சிலிருந்து சரிந்து இறங்கி, முட்டி போட்டுத் தவழ்ந்து போய், மனைவியின் காலடியில் இரண்டு கையையும் ஏந்திப் பிடித்தார். கை நிறைய நிறைய, மேலிருந்து பொடி விழுந்துகொண்டே இருந்தது.