மூன்று சோடிச் சப்பாத்து

கறுத்தக்கொழும்பான் மாம்பழப் பெட்டி மோட்டார் சைக்கிளிலிருந்து விழாமலிருக்க, அம்புலன்ஸ் பையிலிருந்த பட்டியை எடுத்துக் கட்டிய அறிவாளி நிருஷன்தான். காயத்துக்கு மேலே இறுக்கினால் பீறிடுகிற இரத்தத்தையே நிறுத்துகிற பட்டி, ஒரு பெட்டி மாம்பழத்தை நிறுத்தாதா என்று காலையில் தன் கெட்டித்தனத்தைத் தானே மெச்சிக்கொண்டான். அதைத் திருப்பி வைக்கவில்லை என்பது நினைவுக்கு வந்தபோது, வாள்வெட்டு என்று வந்த அழைப்புக்காக அம்புலன்ஸ் நெல்லியடிச் சந்தியைத் தாண்டிவிட்டிருந்தது. பட்டி, வேப்பமர நிழலில் விட்டுவந்த மோட்டார் சைக்கிளில் மாம்பழங்களின் உயிரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

"என்னடா, பையைக் கிண்டிக்கொண்டிருக்கிறாய்? ஏதும் மறந்தனியோ?" சாரதி யாகோப்பு கண்ணாடியில் பார்த்தார்.

"ஒண்டுமில்லை அண்ணை. என்ரை மூளையைத் தேடுறன்."

"அது வேலைக்கு வந்த நாளே இல்லை."

ஒழுங்கை ஒடுக்கம். வாகனத்தைத் திருப்பி நிறுத்த யாகோப்பு பின்னுக்குப் போக, நிருஷன் பையோடு தனியே நடந்தான். பகல் இரண்டு மணி வெயிலில் பனைவடலிகள் அசையாமல் நின்றன. அயல் வீடுகளின் யன்னல்கள் எல்லாம் சாத்திக் கிடந்தன. வாள் கிழித்த தகரப் படலையிலிருந்து வாசற்படி வரை இரத்தம் அகலமாக இழுபட்டிருந்தது. அதில் மொய்க்க ஒரு இலையான் கூட இல்லை.

படியில் மூன்று சோடிச் சப்பாத்துகள். தடித்த அடி, கறுப்பு நிறம், அவன் போட்டிருந்தது போலவே. ஒன்றினுள் சிலந்தி வலை கட்டியிருந்தது.

"வேறை அம்புலன்ஸும் வந்ததோ, அக்கா?"

வாசலில் நின்ற வீட்டுக்காரி செல்வநாயகி அவன் கால்களைப் பார்த்தாள். "சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வாங்கோ, தம்பி."

இரத்தம் ஓடும் வீட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஆனால் சின்ன வயதிலிருந்து வாசற்படிக்குப் பழகிய கால்கள், அவன் யோசிக்க முன்னரே சப்பாத்தைக் கழற்றிவிட்டன.

"இறுக்கிற பட்டி கொண்டுவந்தனீங்களோ?"

"ஓம் ஓம், எல்லாம் இருக்கு." பொய் வழுக்கிக்கொண்டு வந்தது.

உள்ளே அலுமாரி வெட்டு, கதிரை வெட்டு, சுவரிலும் வெட்டு. பாயில் அவளுடைய கணவர் பஞ்சலிங்கம். இடது தொடை மேற்பக்கம் எலும்பு வரை பிளந்திருந்தது. ஒவ்வொரு துடிப்புக்கும் இரத்தம் பீறிட்டுச் சுவரில் அடித்தது. பழைய இரும்பும் டெற்றோலும் கலந்த வாடை.

பட்டி இருந்தால் அரை நிமிட வேலை. நிருஷன் கையுறையை இழுத்துப் போட்டு, முழங்காலால் கவட்டை அழுத்திக்கொண்டு, துணிச்சுருளைக் காயத்துக்குள் திணித்தான்.

"எத்தனை மணிக்கு வெட்டினது, அக்கா?"

"முகத்தை மூடியிருந்தவங்கள்."

"ஆரெண்டு கேக்கேல்லை. நேரத்தைக் கேட்டனான்."

"அவருக்குத் தண்ணி குடுக்கலாமோ?"

முதல் சுருள் போயிற்று. இரண்டாவதும். மூன்றாவதும் சுவடில்லாமல் போனபோது அவன் தன் சேட்டைக் கழற்றித் திணித்தான். காயத்தின் வாய் அதையும் வாங்கிக்கொண்டது. கை மணிக்கட்டு வரை உள்ளே நின்றது. ஒரு மனிதனின் தொடைக்கு இவ்வளவு ஆழம் கிடையாது. இந்நேரம் விரல் பாயில் முட்டியிருக்க வேண்டும்.

"அண்ணை, உள்ளுக்கை கிணறு ஏதும் வெட்டி வைச்சிருக்கிறியளோ?"

பஞ்சலிங்கத்தின் கண்கள் திறந்தேயிருந்தன. இமைக்கவில்லை. இரத்தம் கொதித்தது, தோல் குளிர்ந்து கிடந்தது. நிருஷன் மற்றக் கையால் கழுத்தைத் தொட்டுப் பார்த்தான். நாடி இல்லை. காதை நெஞ்சில் வைத்தான். அங்கும் இல்லை.

ஆனால் சுவரில் இரத்தம் அடித்துக்கொண்டேயிருந்தது. ஒன்று. இரண்டு. ஒன்று. இரண்டு.

அப்போதே கையை எடுத்திருக்கலாம். அந்த மனுசி பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினான்.

உள்ளே விரலில் ஏதோ பட்டது. துணியல்ல. எலும்பல்ல. வழுவழுப்பான இறப்பர்.

கையுறை.

அதற்குள் விரல்கள்.

அவை பிடித்தன.

இழுத்தான். வரவில்லை. இன்னொரு கை. பிறகு இன்னொன்று. மணிக்கட்டு முறிந்த சத்தம் காதில் கேட்டது. முழங்கை வரை போயிற்று. வெளியே வாகனம் பின்னுக்கு வரும் பீப் சத்தம்.

"யாகோப்பண்ணை!"

சத்தம் நின்றது. யாரும் வரவில்லை. கன்னம் பிணத்தின் தொடையில் ஒட்டியது. தோள் மூட்டு கழன்றது. வாய்க்குள் இரத்தம்.

செல்வநாயகி வாசலில் குனிந்து ஏதோ செய்துகொண்டிருந்தாள்.

"அக்கா. எப்ப வெட்டினது? நேராச் சொல்லுங்கோ."

முதல் தடவையாக அவள் அவன் முகத்தைப் பார்த்தாள்.

"போன மாசியிலை, தம்பி. ஆள் அண்டைக்கே செத்திட்டார். இரத்தம்தான் நிக்கேல்லை. முன்னம் வந்த மூண்டு பேரும் பட்டி இருக்கெண்டுதான் சொன்னவை."

சொல்லிக்கொண்டே அவனுடைய சப்பாத்தை மூன்றாவது சோடிக்குப் பக்கத்தில், நேராக, ஒட்டி வைத்தாள்.