மெட்ராஸ் சொல்லாத மழை

வெள்ளைப் பெட்டியின் மேல் ஈரத்துண்டு ஒன்று காய்ந்துகொண்டிருந்தது.

வன்னியபெருமாள் நின்றுவிட்டான். துறைமுகத்து வானிலை அலுவலகத்தில் அந்தப் பெட்டியை அவனைத் தவிர யாரும் தொடுவதில்லை. உள்ளே வெப்பமானிகள். பக்கத்தில் ஈரம் இருந்தால் கணக்கு தப்பிவிடும்.

"யார் துண்டு இது?"

"என் துண்டுதான். புறாக்கூண்டுன்னு நெனச்சேன்... புறா ஒண்ணையும் காணலியே" என்றாள் வேலியோரம் நின்ற பெண்.

சிரிப்பு வரவேண்டிய இடம். மனைவி சந்தனமாரி இறந்ததிலிருந்து அவனுக்குச் சிரிப்பும் வருவதில்லை, அழுகையும் வருவதில்லை. துண்டை எடுத்து நீட்டினான். அப்போதுதான் அந்தக் கண்களைப் பார்த்தான். உப்புப் பாத்தியின் வெளிச்சத்துக்குச் சுருங்கிப் பழகிய கண்கள். நிழலில் நின்றதால் இப்போது முழுசாக விரிந்திருந்தன...

அவள் அருணாசலவடிவு. தகப்பனார் வாதத்தில் படுத்த பிறகு, முத்தையாபுரத்துப் பக்கம் இருக்கும் உப்பளத்தை அவள்தான் பார்க்கிறாள்.

"ஓரிரு இடங்களில் மழை பெய்யலாம்னு ரேடியோவுல சொல்லுதாங்க. அந்த ஓரிரு இடம் எங்கன இருக்கு சார்? எங்க அளமா, அடுத்தவன் அளமா?"

"அது மெட்ராஸ்ல சொல்லுதது. நான் அளந்து தந்தி கொடுக்கிறதோட சரி."

"பாத்தியில கடைசி உப்பு நிக்கி. வாரின உப்பு அம்பாரமாத் திறந்து கிடக்கு. ஆளுங்க கொஞ்சம்தான். அம்பாரத்தை ஓலை போட்டு மூடவா, பாத்தியை வாரவா? தப்பா முடிவெடுத்தா எங்கய்யா அளத்தையே கைவிட்டுருவாரு."

"எனக்குத் தெரியாது."

"போன மழையத்தான் அளப்பீயளோ? வரப்போற மழை உங்களுக்கு ஆகாதோ?"

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். அவன் வெகுநேரம் வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றான். அங்கே ஒன்றும் இல்லை.

மறுநாள் சாயங்காலம் நாலு மணி. பாரமானியில் பாதரசம் இறங்கியது. பார்த்தான். மறுபடி பார்த்தான். அடுத்த நிமிஷம் சைக்கிளில் உப்பளத்துக்குப் போய்க்கொண்டிருந்தான்.

"மூடுங்க. மழை வருது."

"மெட்ராஸ் சொல்லிச்சா?"

"நான் சொல்லுதேன்."

அவள் ஒரு கணம் அவனையே பார்த்தாள். பிறகு பாத்தியில் நின்ற வேலைக்காரப் பெண்ணிடம் திரும்பி, "ஏளா தங்கத்தாய், வாருனது போதும். ஓலையை எடு" என்றாள்.

மழை வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூடி முடித்த பெண்கள் வேறு அளத்துக்கு வேலைக்குப் போனார்கள். பாத்தியில் உப்பு வாராமல் கிடந்தது. வானம் துலக்கிய வெண்கலப் பானைபோல மின்னியது.

பாரமானி முன்னால் நின்றபோதுதான் அவனுக்கு உறைத்தது. கடலுக்கு ஏற்றமும் வற்றமும் உள்ளதுபோலக் காற்றுக்கும் உண்டு. தினமும் நாலு மணிக்குப் பாதரசம் இறங்கத்தான் செய்யும். மழைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் படித்த பாடம். அதை எப்படி மறந்தான்?... ஏன் மறந்தான்?

போய்ச் சொல்லியிருக்கலாம். கௌரவம் விடவில்லை. கடைத்தெருவில் எதிரே வந்தவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். கோபம்தான். கோபம் என்றால், தெருமுக்கில் திரும்பும்போது ஏன் பார்த்தாள்? அவனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மெட்ராஸ் தந்தி வந்தது. துறைமுகக் கம்பத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறியது. அவன் சைக்கிளை மிதித்தான்.

"இது யாரு சொன்ன மழை?" என்றாள் வடிவு.

"மெட்ராஸ்."

"அப்போ வரும்."

ஞாயிற்றுக்கிழமை வேறு ஆள் கிடையாது. அவளும் தங்கத்தாயும் மட்டும். அவன் பேண்ட்டைச் சுருட்டிவிட்டுப் பாத்தியில் இறங்கி, உப்பு வாரும் பலகையை எடுத்தான். உப்புநீர் காலில் தீயாகப் பிடித்தது.

"சார் பாத்தியில கரகம் ஆடுதாரே" என்றாள் தங்கத்தாய்.

வாரினார்கள், சுமந்தார்கள், அம்பாரத்தில் கொட்டி ஓலையை இழுத்து மூடினார்கள். கடைசிப் பாத்தி மிச்சம் இருக்கும்போது முதல் துளி விழுந்தது. பிறகு ஊரையே மறைக்கிற மழை. மூவரும் கொட்டகைக்கு ஓடினார்கள்.

நனைந்த இமைகளில் துளிகள் நிற்க, அவள் பாத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு பாத்திதான் போச்சு" என்றாள். "ஐயா கேட்டா, இந்த வருசம் தப்பிச்சிட்டோம்னு சொல்லலாம்."

"அதுவும் என்னாலதான் போச்சு. பாதரசம் தினமும் நாலு மணிக்கு இறங்கும். எனக்குத் தெரியும். அன்னைக்கு மட்டும் அதை மழைன்னு நெனச்சேன். இங்க வர எனக்கு ஒரு மழை வேண்டியிருந்துச்சு..."

அவள் முந்தானையைப் பிழிந்தாள்.

"நான் ஒருத்தியக் கட்டிப் பறிகொடுத்தவன்."

"தெரியும். தங்கத்தாய் விசாரிச்சா."

"அவ எதுக்கு விசாரிச்சா?"

"நான் சொல்லித்தான்." தலையைக் குனிந்துகொண்டாள். "எங்கய்யாகிட்ட வந்து பேசுங்க."

"என்ன பேச?"

"அதுக்கும் மெட்ராஸ்லருந்து தந்தி வரணுமோ?"

அவன் சிரித்துவிட்டான். அந்தச் சத்தம் அவனுக்கே புதிதாக இருந்தது.

"வேண்டாம்... இது நான் சொல்லுதேன். உன்னை எனக்குப் பிடிச்சிருக்கு, வடிவு."

"மெதுவா. தங்கத்தாய் இருக்கா."

"மழைச் சத்தத்துல எனக்கு ஒண்ணும் கேக்கல" என்றாள் தங்கத்தாய். "நீங்க பேசுங்க."