வெட்டாத பக்கங்கள்

வெள்ளிக்கிழமை கடைசிப் பாட வேளை வந்துவிட்டால், ஐந்தாம் வகுப்பில் கரும்பலகையைத் துடைத்துவிடுவார்கள். கணக்கும் கிடையாது, இலக்கணமும் கிடையாது. கமலவேணி டீச்சர் ஒவ்வொருவராக எழுப்பி இரண்டே கேள்விகள் கேட்பார்.

“என்ன படிக்கிறே? படிச்சு முடிச்சா யாருக்குக் கொடுப்பே?”

யார் பெயரைச் சொல்கிறார்களோ, அவர் கையில் அப்போதே புத்தகத்தைக் கொடுத்துவிட வேண்டும். வாங்கியவர் அடுத்த வெள்ளிக்கிழமை அதைப் பற்றிப் பேச வேண்டும். புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறிய மறு ஆண்டு டீச்சர் தொடங்கிய வழக்கம் அது.

அன்று அஞ்சலாட்சியின் முறை. அவள் பெருமையோடு தன் புத்தகத்தை எடுத்துக் காட்டினாள். சாரம் பகுதியிலிருந்து மில் வேலைக்குப் போகும் அவளுடைய அப்பா, பழைய பேப்பர் கடையில் பார்த்து மகளுக்காக வாங்கி வந்தது. அட்டை இல்லை. முன்னால் சில பக்கங்களும் இல்லை, பின்னால் சில பக்கங்களும் இல்லை.

“இது ஒரு கழுதையோட கதை டீச்சர். ‘என்று சொல்லிவிட்டுக் கழுதை நடந்தது’ன்னு ஆரம்பிக்குது.”

“கழுதை என்ன சொல்லிச்சு?” என்றான் கன்னியப்பன்.

“அது முந்தின பக்கத்துல இருந்திருக்கும். அந்தப் பக்கம் இல்ல.”

“முடிவு?”

“‘அப்போது கதவைத் திறந்துகொண்டு வந்தவர்’. அவ்வளவுதான். வந்தது யாருன்னு தெரியாது. ஆனா நடுவுல ரொம்ப நல்லா இருக்கும்!”

வகுப்பே சிரித்தது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் சக்கரபாணி. “தலையும் இல்ல, வாலும் இல்ல! இதெல்லாம் ஒரு புஸ்தகமா?”

“யாருக்குக் கொடுப்பே அஞ்சலாட்சி?” என்று டீச்சர் கேட்டார்.

அவள் சுற்றிலும் பார்த்தாள். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். பக்கத்தில் இருந்த ஜெயம்கூட ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அஞ்சலாட்சி புத்தகத்தைத் திரும்பப் பையில் வைத்தாள். அதை அவள் எத்தனையோ முறை படித்திருந்தாள். யாருமே வேண்டாம் என்று சொல்லும்படி அது என்ன தப்பு செய்தது?

அடுத்து சக்கரபாணி எழுந்தான். பிரெஞ்சுப் பள்ளியில் படித்துவிட்டு அந்த ஆண்டுதான் இங்கே வந்து சேர்ந்தவன். அவன் கையில் செங்கல் பருமனுக்குப் புத்தம்புதிய தமிழ்ப் புத்தகம்.

“இது கப்பல் கதை. அப்பா அச்சு ஆபீஸ்லேந்தே வாங்கி வந்தாரு. ஒரு கப்பல் இங்கேந்து கிளம்புது. நடுக்கடல்ல போறப்ப, கப்பலுக்குள்ள ஒரு புலி! பாய்மரத்து மேலே ஏறி உறுமுது. கேப்டன் பயப்படவே இல்ல. கடைசியில எல்லாரும் பத்திரமா ஊர் வந்து சேந்துடுறாங்க.”

எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள்.

“யாருக்குக் கொடுப்பே?”

“வீட்டுல கேக்கணும் டீச்சர்...”

“வழக்கம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான், சக்கரபாணி.”

அவன் வகுப்பைச் சுற்றிப் பார்த்தான். பிறகு அஞ்சலாட்சியைப் பார்த்து, “இவளுக்கு. முழுப் புஸ்தகம் எப்படி இருக்கும்னு பாக்கட்டும்” என்றான்.

மறுபடியும் சிரிப்பு. அஞ்சலாட்சிக்குக் காது சுட்டது. ஆனாலும் இரண்டு கைகளையும் நீட்டி அதை வாங்கிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் கை கால் கழுவி, சாமி மாடத்துக்கு முன்னால் உட்கார்ந்து, புத்தகத்தைத் திறந்தாள். முதல் சில பக்கங்கள் புரண்டன. அதற்குப் பிறகு புரளவில்லை. தாள்கள் மேலேயும் ஓரத்திலும் ஒன்றோடொன்று சேர்ந்தே இருந்தன. மடித்த தாளுக்குள் குழாயில் எட்டிப் பார்ப்பது போல ஒற்றைக் கண்ணால் பார்த்தாள். உள்ளே எழுத்துகள் இருந்தன.

அவளுக்கு நினைவு வந்தது. டீச்சரிடமும் இப்படி ஒரு புத்தகம் உண்டு. நம் ஊர் அச்சு ஆபீஸ்கள் சில, பிரெஞ்சுக்காரர் வழக்கப்படி தாளின் ஓரத்தை வெட்டாமலே தைத்துக் கொடுக்கும். படிக்கிறவர்தான் கத்தியால் ஒவ்வொரு மடிப்பாக வெட்டிக்கொண்டே படிக்க வேண்டும். டீச்சர் அடிக்கோலால் வெட்டுவதை அவள் பார்த்திருக்கிறாள்.

அப்படியென்றால் இந்தப் புத்தகத்தை யாரும் படிக்கவில்லை! சக்கரபாணி படித்தது தொடக்கத்தில் சில பக்கங்கள், முடிவில் ஒரு பக்கம். நடுவில் உறுமிய புலி எங்கிருந்து வந்தது?

எதிர்வீட்டு ஜெயம் வந்து பார்த்ததும் துள்ளிக் குதித்தாள். “மாட்டிக்கிட்டான்டி! வெள்ளிக்கிழமை எல்லாருக்கும் எதிர்ல தூக்கிக் காட்டு. உன்னப் பாத்து எப்படிச் சிரிச்சான்!”

அஞ்சலாட்சிக்கும் அது இனிப்பாகத்தான் இருந்தது. படுத்தபடியே யோசித்துப் பார்த்தாள். புத்தகத்தைத் தூக்கிக் காட்டுகிறாள். வகுப்பே சிரிக்கிறது. சக்கரபாணியின் காது சிவக்கிறது. அந்த இடத்தில் இனிப்பு நின்றுவிட்டது. காது சுடுவது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியுமே.

காட்டாமல் இருக்கலாம். ஆனால் வெட்டிப் படித்தால் உண்மைக் கதையைத்தான் சொல்ல வேண்டும். அப்போதும் அவன் மாட்டிக்கொள்வான். பொய்யும் சொல்ல முடியாது. ‘பிள்ளையாரப்பா, நீயே ஒரு வழி காட்டு’ என்று வேண்டிக்கொண்டு தூங்கிப்போனாள்.

மறுநாள் காலையில் புத்தகத்தோடு புறப்பட்டு, பெரிய வாய்க்காலை ஒட்டி இருந்த சக்கரபாணியின் வீட்டுக்குப் போனாள். அவளைக் கண்டதும் அவன் முகம் வெளுத்தது.

“எல்லார்கிட்டயும் சொல்லிட்டியா?”

“இல்ல. கத்தி இருந்தா எடுத்துக்கிட்டு வா.”

“கத்தியா! எதுக்கு?”

“உன்ன வெட்ட இல்ல. புஸ்தகத்த வெட்ட.”

அவன் சிரிக்கவில்லை. “உன் பேரைச் சொல்லிட்டு உக்காந்தப்புறம்தான் தாள் வெட்டலைன்னு ஞாபகம் வந்துச்சு” என்றான் மெதுவாக. “நான் பிரெஞ்சு மடமடன்னு படிப்பேன். தமிழ் நல்லாப் பேசுவேன், ஆனா படிக்க வரல. ஒவ்வொரு எழுத்தாத்தான் வருது. வகுப்புல நீங்க எல்லாம் வேகமாப் படிக்கிறீங்க. எனக்கு வெக்கமா இருக்கு.”

அஞ்சலாட்சி இதை எதிர்பார்க்கவே இல்லை. இவ்வளவு பெரிய வீட்டில் இருப்பவனுக்கு இப்படி ஒரு கஷ்டமா?

“ஒரு பக்கம் நான் படிக்கிறேன். ஒரு பக்கம் நீ படி” என்றாள். “மெதுவாப் படி. கப்பல் எங்கேயும் போயிடாது.”

இப்போது அவன் சிரித்துவிட்டான். உள்ளே ஓடி, மரத்தாலான மொட்டைக் கத்தி ஒன்றை எடுத்து வந்தான். “கூப் பாப்பியே” என்றான். தாள் வெட்டும் கத்திக்குப் பிரெஞ்சில் அதுதான் பெயராம்.

அன்றே தொடங்கிவிட்டார்கள்; திங்கட்கிழமை முதல் பள்ளி விட்டதும் பள்ளிப் பூவரச மரத்தடியில் இருவரும் உட்கார்ந்துகொள்வார்கள். அவன் ‘சர்’ரென்று மடிப்பை வெட்டுவான். அவள் ஒரு பக்கம் படிப்பாள். அடுத்த பக்கத்தில் அவன் விரலை வைத்து, எழுத்து எழுத்தாக ஊர்ந்து போவான். அவள் அவசரப்படுத்தவே மாட்டாள். கப்பலில் புலி எதுவும் இல்லை. சமையற்கட்டில் ஒரு பூனை மட்டும் இருந்தது.

“பூனைதான் இருக்கு” என்றாள் அஞ்சலாட்சி.

“தூரத்துலேந்து பாத்தா புலிதான்” என்றான் சக்கரபாணி.

வெள்ளிக்கிழமை வந்தது. அஞ்சலாட்சி எழுந்து நின்றாள். கப்பல் புறப்பட்டதையும் புயல் அடித்ததையும் சொன்னாள்.

“புலி எப்ப வரும்?” என்று கேட்டான் கன்னியப்பன்.

ஜெயம் அவளைக் கிள்ளினாள். “சொல்லுடி!”

அஞ்சலாட்சி புத்தகத்தின் பக்கங்களைப் புரட்டினாள். என்ன சொல்வது?

பின்னாலிருந்து ஒரு பெஞ்சு நகரும் சத்தம் கேட்டது. சக்கரபாணி எழுந்து நின்றிருந்தான்.

“புலி கிடையாது. போன வாரம் நான் படிக்காமலே சொல்லிட்டேன் டீச்சர். தமிழ் படிக்க எனக்குச் சரியா வராது. அஞ்சலாட்சிக்குத் தெரியும், ஆனா யார்கிட்டயும் காட்டிக்கொடுக்கல. கூட உக்காந்து படிச்சா. இப்ப ஒரு பக்கம் படிக்கட்டுமா?”

டீச்சர் தலையசைத்தார். அவன் முன்னால் வந்து புத்தகத்தை வாங்கிப் பிரித்தான். விரலை வைத்தான்.

ஊர்ந்து ஊர்ந்துதான் போனான். ‘திசைகாட்டி’ என்ற சொல்லில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டான். யாரோ சிரிக்கப் பார்த்தார்கள். அஞ்சலாட்சி திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். சிரிப்பு அடங்கியது. அவன் மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடி தொடங்கினான். ‘தூரத்தில் கரை தெரிந்தது’ என்ற கடைசி வரியை மட்டும் தடுமாறாமல் ஒரே மூச்சில் படித்தான்.

முதலில் கைதட்டியவர் டீச்சர். பிறகு வகுப்பே தட்டியது. அஞ்சலாட்சிக்குத் தானே கப்பலைக் கரை சேர்த்தது போல இருந்தது. தன்னை அறியாமலே நிமிர்ந்து நின்றாள்.

“நல்லது சக்கரபாணி. அடுத்து என்ன படிக்கப் போறே?” என்று கேட்டார் டீச்சர்.

“அஞ்சலாட்சியோட கழுதைப் புஸ்தகம். அவ கொடுக்கறதா இருந்தா.”

“அதுலதான் தலையும் வாலும் இல்லையே!” என்றான் கன்னியப்பன்.

“நடுவுல ரொம்ப நல்லா இருக்குமாம். கழுதை என்ன சொல்லிச்சு, கதவைத் திறந்துகிட்டு யார் வந்தாங்கன்னு நான் யோசிச்சுச் சொல்றேன்.”

“புலியா வரும்?”

“வந்தாலும் வரும்!”

வகுப்பு குலுங்கிச் சிரித்தது. அந்தச் சிரிப்பில் யார் காதும் சுடவில்லை. “அதுக்கப்புறம் எனக்கு!” என்று கத்தினாள் ஜெயம்.

அஞ்சலாட்சி பையிலிருந்து அட்டையில்லாத தன் புத்தகத்தை எடுத்தாள். சுருண்டிருந்த ஓரத்தை நீவிவிட்டாள். கோயிலில் பிரசாதம் ஏந்தி வருவது போல இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு, வகுப்பின் நடுவே மெதுவாக நடந்து போய் அவனிடம் கொடுத்தாள்.

“பத்திரமா வெச்சுக்கோ” என்றாள். பிறகு அவனுக்கு மட்டும் கேட்கும்படி, “இதுக்குக் கத்தி வேணாம்” என்றாள்.