மூன்று அங்குலச் சாய்வு

சித்திரை மாதத்து உச்சி வெயிலில் அந்த டாக்ஸியை இரண்டு மாடுகள் கட்டி இழுத்துவந்து என் பட்டறையில் விட்டார்கள். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் சாலையில் அப்போது கார் பழுது பார்க்க என்னை விட்டால் ஆள் கிடையாது. மாசிலாமணி கை வைத்தால் செத்த எஞ்சினும் எழுந்து உட்காரும் என்பார்கள். நானும் அதை நம்பிக்கொண்டு திரிந்தேன்.

கூடவே வந்த கான்ஸ்டபிள் முத்துசாமி தலைப்பாகையைக் கழற்றி விசிறிக்கொண்டார்.

"நாளன்னிக்குத் திண்டிவனம் கோர்ட்டுல கேஸு. வண்டியில கோளாறு இருந்துச்சா இல்லியான்னு பாத்து எழுதிக் குடுக்கணும். இல்லன்னா டிரைவரு தூங்கிட்டான்னு ஆயிடும், உள்ளதான். முன்னாடி ஒரு பக்கம் சாஞ்சிக்கினு நிக்குது பாரு, அது இன்னான்னும் பாத்துடு."

"பாக்கறேங்க" என்றேன்.

அது ஏன் சாய்ந்தது என்று எனக்குப் பார்க்காமலே தெரியும்.

பங்குனியில் டிரைவர் சவரிராயன் இதே வண்டியைக் கொண்டுவந்தான். முன்பக்கம் இடது ஸ்பிரிங்கில் ஒரு பட்டை உடைந்து, அந்தப் பக்கம் தாழ்ந்திருந்தது. யுத்த காலம். புதுப் பட்டை அகப்படாது. பாண்டிச்சேரி போய்த் தேடினால் பழையதாவது கிடைத்திருக்கும். நான் போகவில்லை. சோம்பல், வேறொன்றுமில்லை. மாட்டுவண்டிச் சக்கரத்துக்குப் போடும் பட்டா இரும்பை வெட்டி வளைத்துக் கறுப்புச் சாயம் பூசி உள்ளே செருகினேன். அந்த இரும்பு அமுங்கினால் நிமிராது. வண்டி மறுபடியும் சாய்ந்தது. சாய்வு வெளியே தெரியாமல் இருக்க, ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் நடுவில் ஒரு மரக்கட்டையை வைத்து முடுக்கினேன். "நூல் புடிச்ச மாதிரி நிக்குது, எடுத்துக்கினு போ" என்று அனுப்பியும் வைத்தேன்.

மூன்றாம் நாள் விக்கிரவாண்டி தாண்டியதும் கட்டை நழுவியிருக்கிறது. அச்சு விலகி, வண்டி தானாக இடது பக்கம் ஓடி, பக்கவாட்டில் புளியமரத்தில் மோதி நின்றது. சவரிராயனுக்குக் கை முறிந்தது. முன்சீட்டில் இடது பக்கம் உட்கார்ந்திருந்த அம்சவள்ளி அங்கேயே போய்விட்டாள். ஏழாம் மாதம். வளைகாப்பு முடிந்து திண்டிவனத்துக்குத் தாய்வீடு போய்க்கொண்டிருந்த பெண். பின்னால் உட்கார்ந்தால் குமட்டுகிறது என்று முன்னால் வந்து உட்கார்ந்தாளாம்.

வண்டி பட்டறைக்கு வந்த அன்று சாயங்காலம் சவரிராயன் மனைவி இருதயசெல்வி பட்டறை வாசலில் வந்து நின்றாள்.

"வண்டி தானா இழுத்துக்கினு போச்சுன்னு மாதா மேல சத்தியம் பண்றாரு அண்ணே. ஒருத்தரும் நம்பல. நீங்க பாத்தீங்கன்னா உண்மை தெரிஞ்சிடும். உங்களத்தான் நம்பிக்கினு இருக்கோம்."

"பாக்கறேம்மா" என்றேன். அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

மறுநாள் முதல் ரயிலில் பாண்டிச்சேரிக்கு ஓடினேன். அந்தப் பெண் உயிரோடு இருந்தபோது போகாத ஊருக்கு, என் கழுத்தைக் காப்பாற்றிக்கொள்ள ஓடினேன். நல்ல பட்டை ஒன்று இரண்டே மணி நேரத்தில் கிடைத்தது. திரும்பி வந்து பட்டறைக் கதவைச் சாத்தி, பட்டா இரும்பைக் கழற்றிக் கிணற்றில் போட்டேன். நல்ல பட்டையை மாட்டி, எல்லாவற்றையும் முடுக்கி, ஜாக்கியை இறக்கினேன்.

வண்டி இடது பக்கமே சாய்ந்து நின்றது.

அடிக்கோலை வைத்து அளந்தேன். மூன்று அங்குலம்.

டயரில் காற்றுப் பார்த்தேன், சரியாக இருந்தது. இரண்டு சக்கரத்தையும் மாற்றிப் போட்டேன். தட்டில் தண்ணீர் ஊற்றித் தரை மட்டம் பார்த்தேன். கடைசியில் இரண்டு ஸ்பிரிங்கையும் கழற்றி இடம் மாற்றினேன். குறை ஸ்பிரிங்கில் இருந்தால் சாய்வும் அதோடு வலது பக்கம் போய்விடும். வண்டியின் அடிச்சட்டம் வளைந்திருந்தால் இடது பக்கமே நிற்கும். தொழிலில் முதலில் கற்றுக்கொள்வது இதுதான்.

சாய்வு இடது பக்கமே நின்றது. சட்டத்தில் நூல் கட்டிப் பார்த்தேன். ஒரு இம்மி வளைவு இல்லை.

தகரக் கூரை வெயிலில் படபடவென்று வெடித்துக்கொண்டிருந்தது. ஸ்பானரை வலது பக்கம் வைத்துவிட்டது நினைவுக்கு வந்து, வண்டியைச் சுற்றிக்கொண்டு போனேன்.

கூரைச் சத்தம் சட்டென்று நின்றது.

வண்டிக்குள் சீட்டு முனகியது.

இடது பக்கம் மெல்ல நிமிர்ந்தது. வலது பக்கம், நான் நின்ற பக்கம், மூன்று அங்குலம் இறங்கியது.

நகர்ந்து வந்து உட்கார்ந்த மாதிரி.

நான் மறுபடி இடது பக்கம் போனேன். சீட்டு முனகியது. இடது பக்கம் இறங்கியது. கண்ணாடி வளையல்கள் கொத்தாக ஒருமுறை குலுங்கின. பெட்ரோல் நாற்றத்தை மீறிப் பச்சை வேப்பிலை வாசனை வந்தது. வளைகாப்பில் கண்ணாடி வளையலுக்கு முன்னால் வேப்பிலையில் காப்புச் செய்து போடுவார்கள். அந்த வாசனை.

அச்சிலும் பட்டையிலும் ஒன்றுமில்லை. சாய்வு என்னோடு வந்துகொண்டிருந்தது.

"அம்சவள்ளி" என்று கூப்பிட்டேன். "நான் வேணும்னு பண்ணலம்மா."

ஸ்பிரிங் இன்னும் ஒரு விரல் இறங்கியது.

கதவைத் திறந்துகொண்டு வெளியே ஓடிவிட்டேன்.

மறுநாள் காலை முத்துசாமி காகிதமும் பேனாவுமாக வந்தார். பின்னாலேயே இருதயசெல்வி. நான் வாசல் ஓரமாகவே நின்றுகொண்டேன். அத்தனை தூரத்தில் வண்டி ஆடாமல் அசையாமல் நேராக நின்றது. வெட்கமில்லாமல் எனக்குள் ஒரு நிம்மதி வந்தது.

"அட, நேரா நிக்குதே. அப்ப அது மரத்துல மோதினதுல சாஞ்சதுதான், கோளாறு ஒண்ணும் இல்ல" என்றார் முத்துசாமி.

இருதயசெல்வி என் முகத்தையே பார்த்தாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு, "ஒண்ணும் இல்லீங்க" என்றேன்.

"அப்ப எழுதிக் கையெழுத்துப் போடு. ஜல்தி." காகிதத்தை வண்டியின் மட்கார்டு மேல் விரித்து, பேனாவையும் அதன்மேல் வைத்தார்.

ஒரு அடி வைத்தேன். இன்னொரு அடி வைத்தேன்.

பட்டைகள் ஒன்றோடொன்று உரசி முனகின. மட்கார்டு என்னை நோக்கிச் சரிந்தது. காகிதம் வழுக்கி என் காலடியில் விழுந்தது. பேனா உருண்டு அதன்மேல் விழுந்தது.

முத்துசாமி இரண்டு எட்டுப் பின்னால் போனார். "இன்னாய்யா இது?"

"சவரிராயன் தூங்கலீங்க" என்றேன். அதற்குமேல் என்னால் நிறுத்த முடியவில்லை. பட்டா இரும்பு, மரக்கட்டை, கிணறு, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். இருதயசெல்வி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். என்னைத் திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே அண்ணே" என்று மட்டும் சொன்னாள்.

கிணற்றிலிருந்து இரும்பை எடுத்தார்கள். சவரிராயன் வீட்டுக்குப் போனான். எனக்கு மூன்று மாதம். உண்மையைச் சொல்லிவிட்டோம், இனி அவள் போய்விடுவாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டு ஜெயிலுக்குள் நுழைந்தேன்.

அங்கே புதுக் கைதியை எடை போட்டு எழுதிக்கொள்வார்கள். பிறகு பதினைந்து நாளைக்கு ஒருமுறை எடை. நான் ஒடிசலான ஆள், நூற்றுப் பத்துப் பவுண்டுக்கு மேல் இருந்ததில்லை. தராசில் ஏறினேன். வார்டர் குனிந்தபடியே அதட்டினார்.

"ரெண்டு பேரு ஏன்டா ஏறினீங்க? ஒருத்தன் எறங்கு."

நிமிர்ந்து பார்த்து, பிறகு என் பின்னால் பார்த்தார். முள் இருநூற்றுப் பத்தில் நின்றது. எனக்கு முன்னால் ஏறினவனுக்கும் பின்னால் ஏறினவனுக்கும் தராசு சரியாகவே காட்டியது. "பேஜாரு புடிச்ச தராசு" என்று சொல்லி, என் எடையை எழுதாமல் விட்டுவிட்டார்.

நான் முள்ளைப் பார்த்துவைத்தேன். அடுத்த முறை இருநூற்றுப் பன்னிரண்டு. அதற்கடுத்து இருநூற்றுப் பதினைந்து. நானோ நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனிக் கடைசியில் ஏறியபோது ஒரேயடியாகப் பன்னிரண்டு பவுண்டு குறைந்திருந்தது. "இப்பதான் தராசு வழிக்கு வருது" என்றார் வார்டர். நான் விரலை மடக்கி மாதக் கணக்குப் பார்த்தேன். பங்குனி ஏழு. சித்திரை எட்டு. வைகாசி ஒன்பது. ஆனி பத்து.

கொட்டடிக்குத் திரும்பினேன். காலையில் மடித்து வைத்துவிட்டுப் போன கம்பளி தரையில் விரிந்து கிடந்தது. அதன் நடுவே ஒரு சின்னக் குழி, என் இரண்டு கையகலம்தான் இருக்கும்.

தொட்டுப் பார்த்தேன்.

கதகதப்பாக இருந்தது.