வலது கை விழித்தது

சந்தீப் மெஷினை இன்னும் ஆன் செய்யவில்லை. ஒயரைக்கூடச் சொருகவில்லை. அதற்குள் இசக்கிதுரையின் வலது ஆட்காட்டி விரல் தானாக நிமிர்ந்து, கட்டில் விரிப்பை ஒருமுறை சுரண்டிவிட்டு மடங்கிக்கொண்டது.

வீட்டுக்கு வந்து பிசியோதெரபி கொடுக்கும் மலையாளிப் பையன் சந்தீப் அதைப் பார்க்கவில்லை. குனிந்து பையைத் துழாவிக்கொண்டிருந்தான்.

பக்கவாதம் வந்ததிலிருந்து இசக்கிதுரையின் வலப்பக்கம் செத்துக் கிடந்தது. கார்ப்பரேஷன் வேலையில் வருஷக்கணக்காக மண்வெட்டி பிடித்த கை, இப்போது பக்கத்தில் யாரோ போட்டுவிட்டுப் போன சாமான் மாதிரி இருந்தது. பேச்சும் போய்விட்டது. எல்லாம் புரியும், ஆனால் வாயைத் திறந்தால், டீக்கு இந்த ஊரில் சொல்லும் ‘சாயா’ என்ற ஒரே சொல்தான் வரும். தண்ணீர் வேண்டுமென்றாலும் சாயா. வலித்தாலும் சாயா.

சந்தீப் முழங்கைக்குக் கீழே மெஷினின் ஒயர்ப் பட்டைகளை ஒட்டிக் குமிழைத் திருகினான். எறும்பு ஊர்வதுபோல் கரண்ட் ஏறியது. மணிக்கட்டு தூக்கிக்கொள்ள, விரல்கள் விரிந்தன.

“கண்டோ சேட்டா? ஞரம்பு முழிச்சு வருது. டெய்லி செஞ்சா கை சரியாகும்.”

வாசலில் நின்ற மனைவி பாக்கியலக்ஷ்மி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இசக்கிதுரைக்கு மட்டும்தான் தெரிந்தது. கரண்ட் விரலை இழுப்பது மேலோட்டமாக இருந்தது. அதற்கடியில், உறைக்குள் கையை நுழைப்பதுபோல, அவருடைய கைக்குள் வேறு யாரோ விரல் விரலாகத் தன் கையை நுழைத்துக்கொண்டிருந்தார்கள். குளிர்ந்த கை.

மழைக்காலம் அது. மட்டாஞ்சேரி கிடங்குகளிலிருந்து சுக்கும் மிளகும் ஈரத்தில் ஊறிய நெடி ஜன்னல் வழியே வந்து அறைக்குள் தங்கிவிடும். பாக்கியலக்ஷ்மி கடை வேலைக்குப் போயிருக்கும் மத்தியானங்களில், மெஷின் பையில் கிடக்க, ஓட்டில் மழை விழும் சத்தத்துக்கு நடுவே விரிப்பில் நகம் உரசும் சத்தம் கேட்கும். இருட்டில் சுவிட்சைத் தேடுகிறவர்போல அந்தக் கை கட்டில் சட்டத்தைத் தடவும், சுவரைத் தடவும், பிறகு அவர் நெஞ்சின் மேல் ஊர்ந்து வந்து மூக்கு, இமை, உதடு என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கும். இடது கையால் பிடித்து நிறுத்தப் பார்த்தார். அது திரும்பி, இடது கை விரல்களைப் பின்பக்கமாக வளைத்தது.

மறுநாள் சந்தீப் ஒட்டிய பட்டைகளைப் பிய்த்து எறிந்தார். பாக்கியலக்ஷ்மி திட்டிக்கொண்டே மறுபடி ஒட்டினாள். அவள் அந்தப் பக்கம் போனதும் துண்டை எடுத்துப் பல்லால் முடிச்சுப் போட்டு அந்தக் கையைக் கட்டிலோடு கட்டினார்.

“என்னங்க இது, நல்லா வர்ற கைய யாராச்சும் கட்டிப் போடுவாங்களா?” என்று அவிழ்த்துவிட்டாள்.

“சாயா,” என்றார் இசக்கிதுரை. கண்ணில் நீர் வழிந்தது. “சாயா. சாயா.”

“இந்தா, போட்டுத் தாறேன்.”

போகுமுன் அந்தக் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அது அசையாமல் இருந்தது. அவர் அறிந்தார்: அது அவளுடைய நாடித்துடிப்பைக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

ஒரு சாயங்காலம், காற்றும் மழையுமாக அடித்ததில் கரண்ட் போனது. பாக்கியலக்ஷ்மி மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்துவிட்டு, நாள் முழுக்க நின்ற அசதியில், அவர் வலப்பக்கம் தரையில் உட்கார்ந்து கட்டில் விளிம்பில் தலையைச் சாய்த்தாள். ஈரக் கூந்தலை விரித்துப் போட்டிருந்தாள். சுவரில் அவள் தலையின் நிழல். அதன் மேல் ஐந்து நிழல்கள் மெல்ல ஏறின.

கை அவள் முடியைக் கோதியது.

“எத்தன நாளாச்சுங்க,” என்றாள். கண்ணை மூடிக்கொண்டாள். சிரித்தாள்.

விரல்கள் காதைத் தாண்டின. தாடைக்குக் கீழே இறங்கின. இசக்கிதுரை உடம்பைப் புரட்டப் பார்த்தார். முடியவில்லை. இடது கை வலது முழங்கைவரைதான் எட்டியது. பிடித்து இழுத்தார். கட்டையை இழுப்பதுபோல் இருந்தது.

“சாயா!” என்று அலறினார். “சாயா! சாயா!”

“இருங்க, செத்த நேரம். பெறவு போட்டுத் தாறேன்.”

கட்டைவிரல் நகர்ந்தது. தேடியது. துடிக்கும் இடத்தில் நின்றது.

அவள் தன் கையை அந்தக் கையின் மேல் வைத்து, ஆசையாகத் தன் கழுத்தோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள்.

சுண்டுவிரல் மடங்கியது. அடுத்து மோதிர விரல். நடுவிரல்.

அவள் முகத்தில் அந்தச் சிரிப்பு இன்னும் இருந்தது.