ஏழாம் நம்பர் பூட்டு

இப்போதெல்லாம் யாரும் எதையும் கையால் தொட்டுப் பார்ப்பதில்லை. திரையைப் பார்க்கிறார்கள். மழை இல்லை என்று திரை சொல்லிவிட்டால், சொட்டச் சொட்ட நனைந்துகொண்டே மழை இல்லை என்று சாதிக்கிறார்கள். அடுப்பு ஆறிவிட்டது என்று சொன்னால் அதன்மேல் உட்காரக்கூடத் தயங்கமாட்டார்கள். இந்த ரக ஆட்களோடு முப்பது வருஷம் மாரடித்தவர் எலக்ட்ரீஷியன் கிழவர்.

அதனால்தான் அந்த விடுமுறை நாள் மதியம், ஜன்னலே இல்லாத அந்தக் கீழ்த்தளச் சோதனைக் கூடத்துக்குள் நுழைந்ததும் முதல் வேலையாகப் பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்துவிட்டார்.

வெதுவெதுவென்று இருந்தது. தூங்கும் குழந்தையின் வயிற்றைத் தொட்ட மாதிரி. இரண்டு நாளாக அணைந்து கிடக்கிற இரும்புக்கு அந்தச் சூடு எங்கிருந்து வந்தது?

பீரோ உயரத்துக்கு நிற்கிற சாம்பல் நிறப் பெட்டி. மின்சார வண்டிகளுக்கான சார்ஜர்களைச் சோதிக்கிற இடம் அது. ஒவ்வொரு தடவையும் நிஜ வண்டியைக் கொண்டுவந்து நிறுத்த முடியாதென்று, வண்டியின் பேட்டரி மாதிரி நடிப்பதற்காகவே வாங்கியது. உள்ளே பேட்டரி கிடையாது. ஆனால் சார்ஜர் கேட்டால், எனக்கு இருபது சதவீதம்தான் இருக்கிறது, உடம்பு முப்பது டிகிரி, இவ்வளவு கொடு, போதும் நிறுத்து என்று வாய்கூசாமல் பதில் சொல்லும். சார்ஜரும் நம்பிக் கொடுக்கும். கிழவர் அதற்குப் பொய்வண்டி என்று பெயர் வைத்திருந்தார்.

நாலு மாதத்துக்கு முன்னால், இதே இடத்தில், இதே சார்ஜரின் கேபிளைப் பிடித்தபடி அவருடைய மருமகன் செத்துப்போனான். அன்று மாட்டியிருந்தது நிஜ வண்டி. மருமகனும் அவரைப் போல இங்கே எலக்ட்ரீஷியன்தான். கேபிளைத் தொடப் போகிறவன் முதலில் சுவரிலிருக்கும் பெரிய சுவிட்சை இறக்கி, அதில் தன் சொந்தப் பூட்டை மாட்ட வேண்டும். அவனவன் பூட்டுக்கு அவனவன் நம்பர். மாட்டியவனைத் தவிர வேறு எவனும் அதைத் திறக்கக் கூடாது. கிழவருடையது நாலு. மருமகனுடையது ஏழு. விபத்துக்குப் பிறகு அந்த ஏழாம் நம்பர் பூட்டு கிடைக்கவே இல்லை. பூட்டுப் போடாமல் கேபிளைத் தொட்டது அவனுடைய அஜாக்கிரதை என்று அறிக்கை எழுதிவிட்டார்கள்.

அஜாக்கிரதையாம். எதைத் தொடுவதற்கு முன்னாலும் விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத் தொடுகிறவன் அவன். கட்டிலில் உட்காருவதற்கு முன்னால் கட்டிலையும் தட்டுவார் என்று மகள் கேலி செய்வாள். அவன் சட்டைப் பையிலிருந்து சாவி வந்ததே, அதைப் பற்றி அறிக்கையில் ஒரு வரி இல்லை. அந்த ரகப் பூட்டு திறந்திருக்கும்போது சாவியை உருவ முடியாது. சாவி கையில் இருந்தால் பூட்டு எங்கேயோ பூட்டியிருக்கிறது என்று அர்த்தம். இதைப் பத்துப் பேரிடம் சொல்லியாயிற்று. பத்துப் பேரும் திரையைப் பார்த்தார்கள்.

காலையில் மகள் அந்தச் சாவியை அவர் கையில் வைத்து, "அவரு பூட்டு போட்டாரா இல்லையாப்பா? அது ஒண்ணு தெரிஞ்சா போதும் எனக்கு" என்றாள். உங்க அப்பா கவனமில்லாமத்தான் செத்தாராமே என்று பக்கத்து வீட்டுப் பிள்ளை பேரனிடம் கேட்டிருந்தது.

விபத்தன்று வண்டியும் சார்ஜரும் பேசிக்கொண்டது அத்தனையும் பதிவாகியிருந்தது. அதைப் பொய்வண்டிக்குள் ஏற்றி, மறுபடி மறுபடி பேசவைத்து, சார்ஜர்மேல் குற்றமில்லை என்று நிரூபித்துக்கொண்டிருந்தார்கள். இதுவரை இருநூற்றுப் பன்னிரண்டு தடவை. செத்தவனின் கடைசி அரைமணி நேரத்தை இருநூற்றுப் பன்னிரண்டு தடவை. இன்று கடைசி. தொழிலாளர் தரப்புச் சாட்சியாகக் கிழவர் நின்று பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டால் ஃபைலை மூடிவிடலாம்.

"சுடுதேம்மா இது" என்றார்.

கம்ப்யூட்டர் முன்னால் இருந்த இன்ஜினியர் பெண் பெட்டியின் பக்கம் திரும்பவேயில்லை. "இருபத்திரண்டு டிகிரிதான் காட்டுது, பெரியவரே."

"கையை வச்சுப் பாரு."

அவள் சிரித்தாள். வைக்கவில்லை.

கிழவர் பல்லைக் கடித்துக்கொண்டு சுவிட்சை இறக்கினார். நாலாம் நம்பர் பூட்டை மாட்டி, சாவியை உருவி, கேபிளின் முனையைப் பொய்வண்டியில் செருகினார். இனி பூட்டைக் கழற்றி, சுவிட்சைத் தூக்கினால் ஆரம்பித்துவிடலாம். அதற்குள் மேனேஜர் மேலேயிருந்து போன் செய்து, சாட்சிக் காகிதத்தை வந்து வாங்கிப்போ என்றார். அவள் போனாள். கண்ணாடிப் பட்டை வைத்த இரும்புக் கதவு அவளுக்குப் பின்னால் மெதுவாகத் தானே சாத்திக்கொண்டது.

குளிரூட்டியின் இரைச்சல் மட்டும் இருந்தது. அதைத் தாண்டிக் காதைத் தீட்டினால், கூரையோடு ஓடும் குழாய்களில் எங்கோ தண்ணீர் இறங்குவதும், குழல் விளக்கு ஒன்று தொண்டையைச் செருமுவது போல விட்டுவிட்டு முனகுவதும், அதற்கும் அடியில், தரை வழியாகச் செருப்பைத் தாண்டி உள்ளங்காலுக்கு ஏறுகிற மெல்லிய அதிர்வும் தெரிந்தன. சார்ஜர் ஓடும்போது வருகிற அதிர்வு அது. அவருக்குத் தெரியாததா? ஆனால் சார்ஜர் இப்போது ஓட முடியாது. சுவிட்ச் இறங்கியிருக்கிறது. சாவி இடுப்பு வளையத்தில், மகள் கொடுத்த சாவியோடு இருக்கிறது.

திரையில் எழுத்து வந்தது.

கிழவர் படிப்பதற்காக அந்தப் பெண் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் வைத்திருந்தாள். மொத்தம் நாற்பது வாசகம்தான் அதுக்குத் தெரியும் பெரியவரே, அதைத் தாண்டி ஒரு வார்த்தை பேசாது என்று சொல்லியிருந்தாள்.

வண்டி: முனை மாட்டியாயிற்று.

சார்ஜர்: வெப்பம்?

வண்டி: முப்பத்தேழு.

பேரனுக்குக் காய்ச்சல் வந்தபோது, இறங்குமா இறங்குமா என்று விடிய விடியப் பார்த்துக் காத்திருந்த எண். முப்பத்தேழு. நல்ல உடம்பின் சூடு.

"எவன்டா விளையாடுறது?" என்றார். கரிந்த ரப்பரின் நாற்றம் லேசாக வந்தது. அதற்குள்ளேயே இன்னொரு வாசனை, இனிப்பாக, சில்லென்று. இருமல் மிட்டாய். மருமகன் கன்னத்தில் எப்போதும் ஒன்று அடக்கியிருப்பான்.

வண்டி: போதும். நிறுத்து.

வண்டி: போதும். நிறுத்து.

வண்டி: போதும். நிறுத்து.

சார்ஜர் வாயைத் திறக்கவில்லை. அறிக்கையோடு கொடுத்த தாளில் இந்த வரி ஒரே தடவைதான் இருந்தது. திரை கீழிருந்து மேலே நிறைந்துகொண்டே போனது. பிறகு நின்றது.

சார்ஜர்: மின்சாரம் இல்லை. தொடலாம்.

தொடலாமாம்.

அவர் சட்டைப் பையிலிருந்து சோதனைக் கருவியை எடுத்துக் கேபிள் பக்கம் நீட்டினார். ஒட்டவில்லை; நீட்டத்தான் செய்தார். சிவப்பு விளக்கு எரிந்தது; மின்சாரம் இருக்கிறது.

சுவிட்சைத் திரும்பிப் பார்த்தார். இறங்கித்தான் இருந்தது. நாலாம் நம்பர் தொங்கியது.

பக்கத்தில் இன்னொரு பூட்டு.

ஒரு பக்கம் கரிந்திருந்தது. மற்றப் பூட்டுகளுக்கு நடுவே அடையாளம் தெரியட்டும் என்று மகள் நகச்சாயத்தால் வரைந்து கொடுத்த ஏழு, கொப்புளித்துப்போய், சிவப்பாக.

கை தானாக இடுப்புக்குப் போனது. இதைக் கழற்றிக்கொண்டு போய் மகள் மடியில் வைத்தால் போதும். ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. மகள் கொடுத்த சாவியை அந்தப் பூட்டின் துளையில் வைத்தார். வழுக்கிக்கொண்டு இறங்கியது. எண்ணெய் போட்ட மாதிரி.

பின்னால், பெட்டிக்குள்ளிருந்து.

டொக். டொக்.

விரல் முட்டி.

அவர் திரும்பவில்லை. சாவியைப் பிடித்திருந்த விரல்கள் திருப்பு திருப்பு என்றன. கண் நிறைந்து, மாப்பிள்ளை என்று சொல்ல நாக்கு எழுந்தது.

அப்போதுதான் கோபம் வந்தது. பாதத்திலிருந்து தலைவரைக்கும். பேட்டரி மாதிரி நடிக்கிற பெட்டி. செத்தவனின் அரைமணி நேரத்தை இருநூற்றுப் பன்னிரண்டு தடவை ஊட்டி வளர்த்த பெட்டி. அவனை மாதிரி நடிக்க அதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? மாட்டியவன் தவிர வேறு எவனும் பூட்டைத் திறக்கக் கூடாது. உயிரோடிருந்தால் அவனே கையைத் தட்டிவிட்டிருப்பான்.

சாவியை உருவிக்கொண்டார்.

"எங்க வீட்டுப் பிள்ளை பூட்டிட்டுத்தான் தொட்டான். உன் சாட்சி எனக்கு வேண்டாம்" என்றார். குரல் நடுங்கியது. அதற்கும் சேர்த்துக் கோபப்பட்டார்.

கதவை எட்டினார். வெளியே வந்து, இரும்புக் கதவை இரண்டு கையாலும் இழுத்துச் சாத்தினார். உள்ளே கிளிக் என்று ஒரு பூட்டுத் திறந்து தரையில் விழுந்தது. பிறகு இன்னொன்று. இரண்டு சாவியும் அவர் முஷ்டிக்குள் இருந்தன.

காகிதத்தோடு படியிறங்கி வந்த பெண், அதற்குள்ள முடிஞ்சிடுச்சா என்று கேட்டாள். கையெழுத்துக் கிடையாது என்றார். அவள் அவரைத் தாண்டிக் கண்ணாடிப் பட்டையில் நெற்றியை வைத்துப் பார்த்தாள். அப்படியே நின்றாள்.

"உள்ள யாரு பெரியவரே? முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கிறாரு."

"கதவைத் திறக்காதே. மேல வா."

"கேபிள்கிட்ட போறாரு."

டொக். டொக். இரும்புக் கதவைத் தாண்டி, நிதானமாக.

"நடிக்குதும்மா" என்றார் கிழவர். நாலாவது படி. ஐந்தாவது.

படிக்கட்டு விளக்கு ஒரு தடவை மங்கி, நீண்ட நேரம் மங்கியே இருந்து, மறுபடி பிரகாசமாக எரிந்தது.

"நடிக்குது" என்றார் இன்னொரு தடவை, யாருக்கென்று இல்லாமல். திரும்பிப் பார்க்காமல் ஏறிக்கொண்டே போனார்.