ஏலத்துக்குப் போன சாக்கெட் செட்

வீரபாண்டி நாற்காலியில் உட்கார மாட்டேன் என்றுவிட்டான்.

"பேன்ட்டு நனைஞ்சு கெடக்கு ஏட்டம்மா. நாற்காலி வீணாப் போயிரும்" என்று குமுளியில் ஞானஜோதி வீட்டு வாசலிலேயே நின்றான். வெளியே நல்ல வெயில். வாரக்கணக்கில் ஊற்றிய மழை ஓய்ந்து, அன்றைக்குத்தான் விடிந்ததிலிருந்து சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. ஞானஜோதி அவனை முன்னும் பின்னும் பார்த்தார். சட்டையில் ஒரு சொட்டு ஈரமில்லை. பேன்ட்டின் பின்பக்கம் மட்டும் தொப்பலாக நனைந்திருந்தது. அவன் உட்கார ஒரு பலகையை எடுத்துப் போட்டார்.

ஏட்டம்மா என்றால் இப்போது பட்டம் மட்டும்தான். போலீஸ் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். ஆனால் ஸ்டேஷனுக்குப் போக மனம் வராதவர்கள் இன்னமும் அவர் வீட்டுக்கு வருகிறார்கள். கணவர் ரத்தினசாமி பீர்மேட்டில் தேயிலை ஃபாக்டரியில் இருந்தவர். வேலை முடிந்த நாளிலிருந்து மனைவிக்கு உதவியாளராகத் தன்னைத்தானே நியமித்துக்கொண்டவர். என்ன குற்றம் என்று கேட்பதற்கு முன்பே குற்றவாளியைச் சொல்லிவிடுகிற திறமை அவருக்கு உண்டு. அது இதுவரை ஒரு தடவையும் பலித்ததில்லை என்பது வேறு விஷயம்.

வீரபாண்டி அதே ஃபாக்டரியில் தேயிலையை லாரி ஏற்றி அனுப்பும் பிரிவில் இருக்கிறான். ஆறு நாளும் தேயிலை, ஞாயிற்றுக்கிழமையானால் ஒரு பழைய மாருதி காரின் அடியில் படுக்கை. தொழிலுக்காக அல்ல, ஆசைக்காக. இரவல் ஸ்பேனரோடு மல்லுக்கட்டி விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்து, கடைசியில் ஒரு பெரிய சாக்கெட் செட் வாங்குவதென்று முடிவு செய்தான். சின்ன நட்டிலிருந்து சக்கரத்து நட்டு வரைக்கும் அளவு அளவாக நட்டின் தலையில் மாட்டும் இரும்புக் குல்லாய்கள், திருப்புகிற ராட்செட் கைப்பிடி, எட்டாத இடத்துக்கு நீட்டுக் கம்பிகள், எல்லாவற்றுக்கும் தனித்தனிக் குழி வைத்த பெட்டி. பாலக்காட்டில் அஷ்ரஃப் பாய் கடையில் வந்து இறங்கியிருந்தது. அந்தப் பக்கம் ஜீப்பில் சவாரி போன சிநேகிதன் சதீஷ், தானே வாங்கி வருவதாகச் சொல்லியிருந்தான்.

"வாங்கிட்டான் ஏட்டம்மா. கம்பத்துலேர்ந்து போன் போட்டான். சாமான் ஒவ்வொண்ணும் கண்ணாடி மாதிரி இருக்குடா, மழை கொட்டுது, காலைல கொண்டு வர்றேன்னான். அதோட சரி. முந்தாநாளிலேர்ந்து போன் அடைச்சுக் கெடக்கு."

"ஜீப்புக்காரன்தான்" என்றார் ரத்தினசாமி.

"ஏங்க, அவர் சொல்லி முடிக்கட்டும்" என்றார் ஞானஜோதி.

அன்று காலையில் வீரபாண்டி சதீஷின் ஊரான சக்குபள்ளத்துக்கே போய்விட்டான். சதீஷ் வீடு பூட்டியிருந்தது. வாசற்படியில் சாக்கெட் பெட்டி திறந்து கவிழ்ந்து கிடந்தது. புரட்டிப் பார்த்தால் குழிகள் மட்டும் இருக்கின்றன, சாமான் ஒன்றுகூட இல்லை. பக்கத்தில் ஜீப் நிற்கிறது. பானெட் திறந்திருக்கிறது, சீட்டையெல்லாம் கழற்றிக் கீழே போட்டிருக்கிறது, தரைவிரிப்பு வேலிமேல் தொங்குகிறது. ஜீப்பையே பிரித்து விற்கிறானோ என்று அவனுக்குத் தலை சுற்றியது. அந்தச் சீட்டு ஒன்றிலேயே பொத்தென்று உட்கார்ந்துவிட்டான். அப்போது பக்கத்து வீட்டு சின்னத்தாயி வெளியே வந்தாள்.

"என்ன சொன்னாங்க? அவங்க சொன்னபடியே சொல்லுங்க" என்றார் ஞானஜோதி.

"அந்தச் சாமானா தம்பி? எல்லாத்தையும் சாக்குல கட்டி ஏலத்துக்குக் கொண்டு போயிட்டானேன்னு சொன்னாங்க. இனி எங்க வரப்போகுதுன்னேன். அதெல்லாம் வந்துரும், கவலைப்படாதேன்னு சிரிக்கிறாங்க ஏட்டம்மா. சிரிக்கிறாங்க."

ரத்தினசாமிக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்றேவிட்டார். பட்டப்பகலில் சாக்கு மூட்டையாகக் கட்டி ஏலத்தில் விட்டிருக்கிறான், ஜீப்பையும் பிரித்துவிட்டான், ஊரைவிட்டே ஓடப் பார்க்கிறான், இப்போதே ஸ்டேஷனுக்குப் போனால் பிடித்துவிடலாம் என்று அடுக்கினார். வீரபாண்டியும் ஸ்டேஷனுக்குத்தான் கிளம்பியிருந்தான். இந்த வீட்டைத் தாண்டிப் போகக் கால் வரவில்லை, அவ்வளவுதான்.

"ஏன் வரலை?" என்றார் ஞானஜோதி.

அவன் காரணத்தைச் சொன்னான். போன வருஷ மழையில் மண் சரிந்து ரோடு அடைத்திருந்தபோது அவன் மனைவி செல்வலட்சுமிக்கு வயிற்றில் இருந்த பிள்ளை குறுக்கே திரும்பிவிட்டது. ஆம்புலன்ஸ் வர வழியில்லை. சதீஷ்தான் தேயிலைக் காட்டுக்குள் ஜீப்பை இறக்கி, வழியில் விழுந்து கிடந்த மரத்தை வெட்டித் தள்ளி, ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தான். பிள்ளைக்கு இப்போது பல் முளைக்கிறது.

"சாமான் போனா மசுரே போச்சு ஏட்டம்மா. அவனை நான் என் வாயால திருடன்னு சொல்லணுமா? சொல்லிட்டா அப்புறம் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு..." என்று நிறுத்திக்கொண்டான்.

ஞானஜோதி எழுந்து உள்ளே போய் பால் விடாத கட்டன்சாயா மூன்று டம்ளர் கொண்டு வந்தார். குடித்து முடிக்கும்வரை யாரையும் பேசவிடவில்லை.

"தம்பி, உங்க பேன்ட்டு எப்படி நனைஞ்சுச்சு?"

"அதான் சொன்னேனே, சீட்டுல உக்காந்தேன்."

"வெயில்ல கெடக்குற ஜீப்பு சீட்டு எப்படி இவ்வளவு தண்ணி குடிச்சிருக்கும்? விக்கிறவன் சீட்டைத் தொடைச்சு வெப்பான். இது காயப் போட்ட சீட்டு. வேலியில கெடந்த விரிப்பும் காயப் போட்டதுதான். இஞ்சினுக்குள்ள தண்ணி போனாத்தான் பானெட்டைத் திறந்துபோட்டு விடுவாங்க. ஜீப்பு எங்கேயோ ஆத்துல முங்கியிருக்கு. போனும் அதுலதான் போயிருக்கும்."

வீரபாண்டி நிமிர்ந்து உட்கார்ந்தான். ஆனால் ரத்தினசாமி விடுவதாக இல்லை. சரி, ஜீப் முங்கியது, அதற்காக அடுத்தவன் சாமானை ஏலத்தில் விடலாமா என்றார். பெட்டி காலியாகக் கிடந்ததே, அதற்கு என்ன பதில் என்றும் கேட்டார்.

"அந்தப் பெட்டிதாங்க அவனைக் காப்பாத்துது. இவ்வளவு நல்ல செட்டைப் பெட்டியில்லாம எவன் வாங்குவான்? குழிக்குள்ள நிக்கிற தண்ணி வடியட்டும்னு கவுத்து வெச்சிருக்கான். சாமானைத் தனியாக் கொண்டு போயிருக்கான்."

"ஏலத்துக்கு" என்றார் ரத்தினசாமி, விட்டுக்கொடுக்காமல்.

ஞானஜோதி சிரித்தார். "நம்ம கல்யாணப் பேச்சு மறந்து போச்சா உங்களுக்கு?"

ரத்தினசாமியின் முகம் மாறியது. ஞானஜோதி பிறந்து வளர்ந்தது சக்குபள்ளத்தில். பெண் பார்க்க பீர்மேட்டிலிருந்து வந்தவர்கள், அப்பா எங்கேம்மா என்று கேட்டார்கள். எங்கப்பா ஏலத்துல இருக்காரு, சாயங்காலம்தான் வருவாரு என்று இவர் சொன்னார். வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, வீடு வாசல் ஏலத்துக்குப் போகிற குடும்பம் போலிருக்கிறது என்று காப்பிகூடக் குடிக்காமல் எழுந்துவிட்டார்கள். ரத்தினசாமியின் சித்தப்பா ரோடு வரை போய் விசாரித்துவிட்டு வந்து சொன்ன பிறகுதான் திரும்ப உட்கார்ந்தார்கள்.

"தேயிலைக்காரங்களுக்கு ஏலம்னா கொச்சியில நடக்குற ஏலம். தம்பி தினமும் லாரி ஏத்திவிடுறதே அதுக்குத்தான். அந்தக் காது அப்படித்தான் கேக்கும். சக்குபள்ளத்துல ஏலம்னா ஏலக்காய். காட்டுக்குப் போனாலும் ஏலத்துக்குப் போறேன்பாங்க, காய் ஒணத்துற ஸ்டோருக்குப் போனாலும் ஏலத்துக்குப் போறேன்பாங்க. சின்னத்தாயி பொய் சொல்லலை, கேலியும் பண்ணலை. வந்துரும்னு அவங்க சொன்னதுதான் நெசம்."

"ஏலக்காய்க்கும் என் சாமானுக்கும் என்ன ஏட்டம்மா சம்பந்தம்?"

"இந்த மழையில உங்க வீட்டுல துணி காயுதா?"

வாரக்கணக்காக வீரபாண்டி வீட்டில் பிள்ளைத் துணி அடுப்புக்கு மேலேதான் தொங்குகிறது. மலை முழுக்க அதே கதைதான். சக்குபள்ளத்தில் ராவும் பகலும் இளஞ்சூடாக, ஈரமே அண்டாமல் இருக்கிற இடம் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் ஒன்றுதான். புது இரும்பை நனைந்தபடி விட்டால் துரு ஏறிவிடும். அதற்குப் பயந்தவன் வேறு எங்கே கொண்டுபோவான்?

மூவரும் ஒரு ஜீப் பிடித்துச் சக்குபள்ளத்துக்குப் போனார்கள். வழியெல்லாம் ரத்தினசாமி தனக்கு முதலிலேயே ஒரு சந்தேகம் இருந்ததாகச் சொல்லிக்கொண்டு வந்தார். யாரும் மறுக்கவில்லை. எஸ்டேட் ரோட்டில் தரைப்பாலத்தைக் கடக்கும்போது ஓடை இன்னும் கலங்கலாகப் பாய்ந்துகொண்டிருந்தது. ஓரத்தில் ஜீப் சறுக்கி இறங்கிய தடம் தெரிந்தது. வீரபாண்டி அதையே திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

ஸ்டோர் கதவைத் திறந்ததும் ஏலக்காய் வாசனை முகத்தில் வந்து அடித்தது. உள்ளே அடுக்கடுக்காகத் தட்டுகளில் பச்சைக் காய் காய்ந்துகொண்டிருந்தது. அடித்தட்டு ஒன்றைக் காலி செய்து, பழைய வேட்டி விரித்து, சாக்கெட்டுகளைச் சின்னதிலிருந்து பெரியது வரை வரிசையாக நிறுத்தி வைத்திருந்தான் சதீஷ். கையில் எண்ணெய்த் துணி. ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தவன், வீரபாண்டியைக் கண்டதும் தப்பு செய்தவன் மாதிரி எழுந்து நின்றான்.

"வீரா, பத்தாம் நம்பர் மட்டும் கெடைக்கலடா" என்றான். "ஜீப்பு சறுக்கினப்போ பெட்டி திறந்து ஓடையில கொட்டிருச்சு, ரெண்டு நாளாக் காலைல போய்த் தேடுறேன். மத்தது எல்லாம் இருக்கு. துரு பிடிக்க விடலை, பாரு. இதை முழுசாக் கைல குடுக்காம உன் மூஞ்சில எப்படி முழிக்கிறதுன்னுதான் வரலை."

பத்து மில்லிமீட்டர் நட்டுக்கான அந்தப் பத்தாம் நம்பர் சாக்கெட் என்றால் என்னவென்று கார் வேலை தெரிந்தவர்களுக்குத் தெரியும். எடுத்ததற்கெல்லாம் அதுதான் வேண்டும், தொலைந்துபோவதும் அதுதான். சதீஷ் தன் சொந்தப் பத்தாம் நம்பரை, கறுத்துத் தேய்ந்து போனதை, அந்த வரிசையில் காலியான இடத்தில் வைத்திருந்தான். ஞானஜோதி அதைப் பார்த்தார், வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீரபாண்டிக்குச் சமாளித்துப் பேசத் தெரியாது. "உன்னைப் போலீஸ்ல சொல்லிவிடக் கெளம்புனேன்டா நான்" என்றான்.

"என்னன்னு?"

"நீ என் சாமானை ஏலத்துல விட்டுட்டேன்னு."

சதீஷ் அவனைப் பார்த்தான். தட்டுகளைப் பார்த்தான். ரத்தினசாமியின் முகத்தைப் பார்த்ததும் அவனுக்கு விஷயம் விளங்கிவிட்டது. "ஏலத்துலதானே விட்டிருக்கேன்" என்று சிரிக்க ஆரம்பித்தவன், இருமல் வந்து உட்கார்ந்துவிட்டான். ஓடைத் தண்ணீரில் நின்ற சளி. வீரபாண்டி அவன் முதுகைத் தடவிவிட்டான். தடவிக்கொண்டே அழுதான். புதுப் பத்தாம் நம்பர் வாங்கி வந்து சதீஷ் பெட்டியில் போடுவதென்றும், தேய்ந்தது இந்த செட்டிலேயே இருக்கட்டும் என்றும் அவன் சொன்னது யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை. அப்புறம் திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தது.

மேட்டில் ஏறினால்தான் போனில் சிக்னல் வரும். அங்கே நின்று வீரபாண்டி வீட்டுக்குப் போன் போட்டான். செல்வலட்சுமி காலையிலிருந்து சாப்பிடாமல் காத்திருந்தாள். எல்லாரும் கேட்கட்டும் என்று அவன் ஸ்பீக்கரில் போட்டான்.

"சாமான் என்னாச்சுங்க? எங்கதான் இருக்காம்?"

"ஏலத்துல" என்றான் வீரபாண்டி. சிரிப்பை அடக்கிக்கொண்டு சதீஷைப் பார்த்தான்.

அந்தப் பக்கத்திலிருந்து செல்வலட்சுமியின் குரல் மெதுவாக வந்தது.

"ஏலத்துல போனாப் போகட்டும். என்ன கஷ்டமோ, யாரு கண்டா. நீங்க அண்ணனை ஒரு வார்த்தை கேட்டுறாதீங்க. அவரு இல்லேன்னா அன்னிக்கு நானும் இல்ல, பிள்ளையும் இல்ல. சாப்பிட்டாரான்னு மட்டும் கேளுங்க. வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்க."

வீரபாண்டி போனை சதீஷ் கையில் கொடுத்தான்.